அந்தமானில் இறங்காமல் போன கம்பி

2024 ஜனவரி முதல் வாரம். முசரவாக்கத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் ஒரு தறிக்கார அண்ணன் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இதப் படிச்சியா? லட்சத்தீவுக்குக் கடலுக்கு அடியில கேபிள் போட்டிருக்காங்களாம். 1,072 கோடி. அங்க மொத்தம் எத்தன பேரு இருப்பாங்க?"

"2011 கணக்குப்படி அறுபத்திநாலாயிரம் சொச்சம்ணே."

பாவில் இழை எண்ணிப் பழகியவர். மனக்கணக்கு நம்மை விட வேகம். "அப்போ தலைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல ஆவுது. நம்ம கூலிய ஏத்திக் கேட்டா மட்டும் எவன்கிட்டயும் காசு இல்ல" என்று சொல்லிவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தோண்ட ஆரம்பித்தேன். லட்சத்தீவுக் கம்பி கொச்சியிலிருந்து போகிறது. அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே நம்ம சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஒரு கம்பி போயிருக்கிறது. அதன் கதையைத் தேடப் போனால், அது 2020-ல் ஆரம்பிக்கவில்லை, 1871-ல் ஆரம்பிக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

வழியில்தான் இருந்தது

1870-ல் பம்பாயிலிருந்து ஏடன் வழியாகச் சூயஸ் வரை கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய கப்பலான கிரேட் ஈஸ்டர்ன்தான் பம்பாய்க்கும் ஏடனுக்கும் நடுவே அதை இறக்கியது. அங்கிருந்து மால்டா, ஜிப்ரால்டர் வழியாக லண்டன். கப்பலில் வாரக்கணக்கில் போன செய்தி, மணிக்கணக்கில் போய்ச் சேர ஆரம்பித்தது.

அடுத்த கட்டம் கிழக்கே. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராப் கம்பெனி என்ற தனியார் கம்பெனி, மதராஸிலிருந்து பினாங்கு, அங்கிருந்து சிங்கப்பூர் என்று வங்கக்கடலைத் தாண்டிக் கம்பி போட்டது. 1871 தொடக்கத்தில் அது வேலை செய்ய ஆரம்பித்தது. பம்பாய்க்கும் மதராஸுக்கும் நடுவே தரைத்தந்தி ஏற்கெனவே இருந்ததால், சிங்கப்பூர் வியாபாரி ஒருவர் லண்டனில் இன்றைக்கு வெள்ளீயம் என்ன விலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது.

இப்போது ஒரு மேப்பை எடுத்துப் பாருங்கள். மதராஸில் விரலை வைத்துப் பினாங்குக்கு ஒரு கோடு இழுங்கள். நடுவில் என்ன குறுக்கிடுகிறது? வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற அந்தமான் நிக்கோபார் தீவுச் சங்கிலி. அதன் ஏதாவது ஒரு இடைவெளியில் புகுந்தோ, தெற்கு நுனியைச் சுற்றிக்கொண்டோதான் அந்தப் பக்கம் போக முடியும். அப்படி அந்தச் சங்கிலியைக் கடந்து போன கம்பி, போர்ட் பிளேரில் இறங்கவில்லை.

இத்தனைக்கும் அப்போது போர்ட் பிளேர் ஆளில்லாத தீவு அல்ல. 1858-லிருந்து அது அரசின் கைதிக் குடியிருப்பு. 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை முதலில் அங்கேதான் கொண்டுபோனார்கள். அதிகாரிகள், காவலர்கள், ஆயிரக்கணக்கான கைதிகள் எல்லாரும் இருந்தார்கள். கம்பெனிக்கு மட்டும் அங்கே ஒரு வேலையும் இல்லை. கைதியா காசு கொடுத்துத் தந்தி அடிக்கப் போகிறான்?

1872 பிப்ரவரி 8

மதராஸ்–சிங்கப்பூர் கம்பி ஓட ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு, கிளாஸ்கோ என்ற போர்க்கப்பலில் போர்ட் பிளேருக்கு வந்தார். கைதிக் குடியிருப்பைப் பார்வையிட்டார். சாயங்காலம் மவுண்ட் ஹாரியட் மலையில் ஏறிச் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் கீழே ஹோப் டவுன் படகுத்துறைக்கு இறங்கி வந்தார். படகில் ஏறப் போகும்போது ஷேர் அலி அப்ரிடி என்ற கைதி இருட்டிலிருந்து பாய்ந்து கத்தியால் குத்தினான். வைசிராய் இறந்துபோனார். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைசிராய் அவர்தான். ஷேர் அலியை மார்ச் 11-ஆம் தேதி வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம். என்னை நிறுத்தியது அதற்கு அடுத்த விஷயம்: இந்தச் செய்தியை வெளியே எப்படிச் சொன்னார்கள்?

கப்பலில்தான். வேறு வழியே கிடையாது. ஒரு துணைக்கண்டத்தை ஆள்கிறவர் செத்துப்போய்விட்டார். அவருடைய தலைநகரமான கல்கத்தாவுக்கு அது தெரியாது. கப்பல் கரை சேருகிற வரை அங்கே எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. செய்தி கரையைத் தொட்ட பிறகுதான் தந்தியில் ஏறி லண்டன் போனது. அதே நேரத்தில் சிங்கப்பூரின் வெள்ளீய விலை, தீவுச் சங்கிலிக்குப் பக்கத்துக் கடலடியில் தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இதில் நம்ம மதராஸுக்கும் ஒரு பங்கு உண்டு. மேயோ இறந்ததும் முதலில் ஜான் ஸ்ட்ரேச்சி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். பிறகு பிப்ரவரி கடைசியில் மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு போய் வைசிராய் வேலையை ஏற்றார். புது வைசிராய் நார்த்புரூக் வருகிற மே மாதம் வரை அவர்தான் இந்தியாவைப் பார்த்துக்கொண்டார். அந்தமானில் விழுந்த ஒரு கத்திக்குத்து மதராஸ் கோட்டையில் நாற்காலியைக் காலி செய்ய வைத்தது.

அதற்குப் பிறகாவது கம்பி இறங்கியதா? இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மா கடற்கரையை ஒட்டிய டயமண்ட் தீவோடு கம்பியில்லாத் தந்தி மூலமாகத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அதுவும் அரசாங்கமே செய்தது. கம்பெனி திரும்பிப் பார்க்கவில்லை.

எம்டன் தேடிப்போன தீவு

"சின்னத் தீவு, செலவு கட்டுப்படியாகாது, அதனால விட்டாங்க" என்று நினைக்கத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எம்டன் கதையைப் படித்ததும் அது உடைந்துபோனது.

எம்டனை நமக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து, எண்ணெய் டாங்கிகளைச் சுட்டு எரியவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல். கெட்டிக்காரனை, பயமுறுத்துகிறவனை "சரியான எம்டன்" என்று நம்ம ஊரில் இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்தக் கப்பல் விட்டுப்போன வார்த்தை.

அந்த எம்டன் கடைசியாகப் போன இடம் எது தெரியுமா? கோகோஸ் தீவுகளில் டைரக்‌ஷன் தீவு. இந்தியப் பெருங்கடலின் நடுவே, அகலமாக ஒரு மைல்கூட இல்லாத மணல் திட்டு. ஒரு போர்க்கப்பலுக்கு அங்கே என்ன வேலை? அங்கே கடலடித் தந்தி நிலையம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த், ஜாவாவின் பட்டாவியா, ஆப்பிரிக்கா பக்கமாக ரோட்ரிக்ஸ் தீவு என்று மூன்று பக்கக் கம்பிகள் அந்தத் திட்டில்தான் சந்தித்தன. அதை அறுத்தால் ஆஸ்திரேலியாவுக்குப் போகிற ஒரு பெரிய தடமே அறுந்துவிடும்.

1914 நவம்பர் 9 காலை, எம்டன் ஒரு படையைப் படகில் இறக்கியது. அவர்கள் கம்பத்தைச் சாய்த்தார்கள், கருவிகளை உடைத்தார்கள், கம்பியை வெட்டினார்கள். ஆனால் அதற்கு முன்பே நிலையத்தில் இருந்தவர்கள், இனம் தெரியாத கப்பல் வருகிறது என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதைக் கேட்டுத் திரும்பியது. சில மணி நேரத்தில் எம்டனின் கதை முடிந்தது. இந்தியப் பெருங்கடல் முழுக்கக் கப்பல்களை மூழ்கடித்தவனைப் பிடித்துக்கொடுத்தது, ஒரு மணல் திட்டிலிருந்து சரியான நேரத்தில் போன ஒரு செய்தி.

இப்போது போர்ட் பிளேரையும் கோகோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோகோஸில் சனம் குறைவு. அங்கே கம்பி இறங்கியது. போர்ட் பிளேரில் சனம் அதிகம். அங்கே இறங்கவில்லை. ஏன்?

பழைய தந்திக் கம்பியில் தூரம் போகப் போக சைகை மங்கும். ரொம்ப நீளமான கம்பியில் செய்தி வேகமாகப் போகாது. அதனால் பெருங்கடல் நடுவே ஒரு இடத்தில் ஆள் உட்கார்ந்து, வந்த செய்தியை வாங்கி அடுத்த கம்பியில் மறுபடி அனுப்ப வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே அதற்குக் கிடைத்த திட்டு கோகோஸ். மதராஸுக்கும் பினாங்குக்கும் நடுவே அப்படி ஒரு இடம் தேவைப்படவில்லை.

தீவுக்குக் கம்பி தேவையா என்று யாருமே கேட்கவில்லை. கம்பிக்குத் தீவு தேவையா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

மறுபடியும் அதே கோடு

சரி, அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்று விடலாமா? விட முடியவில்லை.

2002-ல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஐ2ஐ என்ற கண்ணாடி இழைக் கேபிள் ஓட ஆரம்பித்தது. ஒரு இந்தியக் கம்பெனியும் ஒரு சிங்கப்பூர்க் கம்பெனியும் சேர்ந்து போட்டது. நீளம் சுமார் 3,200 கி.மீ. சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் பெருகிய நேரம், அதற்கு இது ரொம்ப உதவியது. 1871-ன் கோட்டைப் போலவே இதுவும் சென்னையில் புறப்பட்டுத் தீவுச் சங்கிலியைத் தாண்டிச் சிங்கப்பூரில் இறங்கியது. அந்தமானில் இறங்கவில்லை.

அந்தமான் அதற்கப்புறமும் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. அதில் என்ன கஷ்டம் என்றால், முதலில் கொள்ளளவு குறைவு, விலை அதிகம். இரண்டாவது தூரம். ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிற செயற்கைக்கோள் பூமிக்கு மேலே கிட்டத்தட்ட 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. நம்ம பேச்சு மேலே ஏறி இறங்க 72,000 கி.மீ. அதற்குக் கால் செகண்ட். பதில் வர இன்னொரு கால் செகண்ட். "ஹலோ" சொல்லிவிட்டு அரை செகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்குள் ரெண்டு பேரும் சேர்ந்து பேசி, ரெண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,400 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். அப்படியென்றால் ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏழு பங்கு. காதுக்கு வித்தியாசமே தெரியாது.

கடைசியில் கம்பி இறங்கிய நாள் 2020 ஆகஸ்ட் 10. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு), லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று ஏழு இடங்களுக்கும். மொத்தம் சுமார் 2,300 கி.மீ. செலவு சுமார் 1,224 கோடி. வேலையை நடத்தியது பி.எஸ்.என்.எல்.

கடலுக்குள் கிடக்கிற சாமானைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆழ்கடலில் அது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப் பருமன்தான் இருக்கும். நம்ம ஊர்க்காரர்களுக்கு ஜரிகையை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். நடுவில் பட்டு நூல், அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதற்கும் மேலே தங்க முலாம். கேபிளும் அப்படிச் சுற்றுமேல் சுற்றுதான். நடுவில் தலைமுடி பருமனில் கண்ணாடி இழைகள், அதைச் சுற்றி எஃகுக் கம்பிகள், தாமிர உறை, வெளியே பாலிதீன். கண்ணாடி இழையில் ஒளியும் தூரம் போனால் மங்கும். அதனால் வழி நெடுக ஒளியைப் பெருக்குகிற பெட்டிகள். அவற்றுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொண்டுபோவது அந்தத் தாமிர உறை. அந்தக் காலத்தில் கோகோஸ் மாதிரித் தீவில் ஆள் உட்கார்ந்து செய்த வேலையை இப்போது இந்தப் பெட்டி செய்கிறது. அதனால் இன்றைய கம்பிக்கு எந்தத் தீவும் தேவையே இல்லை. யாராவது காசு போட்டு இறக்கினால்தான் உண்டு.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தை ஒரு பொது நிதியில் கட்ட வேண்டும். லாபம் கிடைக்காத ஊர்களுக்குத் தொடர்பு கொடுப்பதற்கான நிதி அது. அந்தமான் கேபிளுக்குச் செலவானது அதிலிருந்துதான். கம்பெனி எங்கிருந்து கட்டும்? நம்ம ரீசார்ஜ் காசிலிருந்துதான். ஆக, நம்ம டீக்கடை அண்ணனும் இதில் பங்குதாரர். அவருக்குக் கேள்வி கேட்க முழு உரிமை இருக்கிறது.

அரசுக்குத் தீவின் மேல் வெறும் பாசம் மட்டும்தான் என்றும் சொல்லமாட்டேன். 2001-லிருந்து போர்ட் பிளேரில் முப்படைகளுக்கும் பொதுவான கட்டளைத் தலைமையகம் இருக்கிறது. மலாக்கா நீரிணையின் வாசலில் உட்கார்ந்திருக்கிற தீவுகள் அவை. அந்தத் தேவையும் இந்தக் கம்பிக்குள் ஓடுகிறது.

யார் தலையில் வகுப்பது?

அண்ணனுடைய கணக்கை அந்தமானுக்குப் போட்டுப் பார்த்தேன். 2011-ல் மக்கள் தொகை 3,80,581. 1,224 கோடியை வகுத்தால் தலைக்கு 32,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கணக்கில் தப்பு இல்லை. வகுத்த தலைகளில்தான் தப்பு இருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலை 6.28-க்குச் சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கியது. கார் நிக்கோபாரைக் கொஞ்ச நேரத்திலேயே அலை அடித்தது. அங்கே இருந்த விமானப்படைத் தளத்திலிருந்து, தீவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்ததோடு தொடர்பு அறுந்தது என்று அன்றைய விமானப்படைத் தளபதி பிறகு சொல்லியிருக்கிறார். நம்ம கரையை அலை தொட்டது அதற்குப் பிறகுதான். நிலநடுக்கத்துக்கும் சென்னை, நாகப்பட்டினம் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் மெரினாவில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் கூட்டம்.

அன்றைக்குக் கேபிள் இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்போது நம்மிடம் சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. ஹைதராபாத்தில் அது வந்தது 2007-ல். கேபிளும் அந்த அடியில் அறுந்திருக்கலாம். 2022 ஜனவரியில் டோங்கா நாட்டில் கடலடி எரிமலை வெடித்தபோது, அந்த நாட்டை வெளியுலகத்தோடு இணைத்த ஒரே கேபிள் அறுந்து, சரியாக ஐந்து வாரம் ஆனது. அந்தமான் கேபிளிலும் சென்னையிலிருந்து போகிற தடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது தடம் இல்லாத வரை அது பாதி வேலைதான்.

நான் சொல்லவருவது வேறு. 1872-ல் தீவிலிருந்து செய்தி வராததால் யாருக்கு நஷ்டம்? கல்கத்தாவுக்கு. 1914-ல் தீவிலிருந்து செய்தி வந்ததால் யாருக்கு லாபம்? ஆஸ்திரேலியாவுக்கும் வங்கக்கடலில் போன கப்பல்களுக்கும். 2004-ல் அந்த இரண்டு மணி நேரம் யாருக்குத் தேவைப்பட்டது? நாகப்பட்டினத்துக்கு. கம்பிக்கு இரண்டு முனை இருக்கிறது. செலவை மட்டும் ஒரு முனையில் இருக்கிறவன் தலையில் எழுதுகிறோம். 1871-ல் அந்தக் கம்பெனி போட்ட கணக்கும் இதேதான்.

இதில் எனக்கு உறுத்துகிற ஒரு பெயரையும் சொல்லிவிட வேண்டும்: கச்சால். நிக்கோபாரில் ஒரு தீவு. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் சிலரை அங்கே ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. 2020-ல் கேபிள் இறங்கிய இடங்களின் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். பக்கத்துத் தீவான கமோர்ட்டா இருக்கிறது. கச்சால் இல்லை.

இந்தியாவில் 1854-லேயே ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டார்கள். கடிதத்துக்குத் தூரத்தை வைத்துக் காசு வாங்கக் கூடாது, எங்கே போட்டாலும் ஒரே கட்டணம் என்று. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போடுகிற போஸ்ட் கார்டுக்கும் கேம்ப்பெல் பேக்குப் போடுகிற போஸ்ட் கார்டுக்கும் ஒரே விலை. அதில் யாரும் தலைக்கு எவ்வளவு என்று கேட்டதில்லை. காகிதத்துக்கு ஒத்துக்கொண்ட நியாயத்தைக் கம்பிக்கு ஒத்துக்கொள்ள நமக்கு இன்னும் 166 வருஷம் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் அண்ணனிடம் போன வாரம் சொன்னேன். மேயோ கதையையும் எம்டன் கதையையும் ரசித்துக் கேட்டார். கச்சால் பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டீக்குக் காசு கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"சரி தம்பி. கம்பிக்கு ரெண்டு முனைன்னா, பாதிச் செலவ நம்ம பேர்ல எழுதிக்க. நான் ஒத்துக்கறேன். நம்ம தறிக்கும் ரெண்டு முனை இருக்குது. ஒரு முனையில நான், இன்னொரு முனையில அந்தச் சேலைய வாங்கறவங்க. அதையும் உன் கட்டுரையில எழுது."

எழுதிவிட்டேன் அண்ணே.